தாருக்கு முன்னால் வடிகால்

மழை விட்ட மறுநாள் நடைப்பயிற்சி போகும்போது, தெருவில் பெயர்ந்து கிடக்கும் ஜல்லியைக் காலால் புரட்டிப் பார்ப்பேன். நகராட்சியில் ரோடு போட்டுக் கழித்த காலத்தின் மிச்சம் இது. பாதி ஜல்லி தார் ஒட்டாமல் வெளுத்திருக்கும். "தாரைக் கம்மியா ஊத்திட்டான் சார்" என்பார் கூட வரும் நண்பர். அதுவும் உண்டு. ஆனால் கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருங்கிய உறவு. தேங்கிய நீர் இடுக்கில் இறங்கும். மேலே லாரிச் சக்கரம் அழுத்த, தாருக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும்.

இதில் வேடிக்கை, தண்ணீரைப் பற்றி அன்றே கவலைப்பட்டவர் தாரே போடாதவர். 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளைப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம். பாரத்தைத் தாங்குவது அடிமண், அது காய்ந்திருக்கும்வரைதான் தாங்கும் என்பது அவர் கட்சி. அதனால் சாலையைச் சற்று உயர்த்தி, ஓரத்தில் வடிகால் விட்டு, உடைத்த ஜல்லியைக் கூரைபோல் பரப்பினார். பிற்பாடு மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பியதால் தார் வந்தது. தார் வந்ததும் வடிகாலை மறந்தோம் என்பது என் எண்ணம்.

பரிசோதனை இல்லாமல் இல்லை. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு உரிகிறது என்று பார்ப்போம். 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லிமேல் கழிவு பிளாஸ்டிக்கைத் தூவி உருகவைத்து, அதன்மேல் தாரைக் கலந்தார். கல்லைத் தண்ணீர் தொட முடியவில்லை. 2002-லேயே சென்னை ஜம்புலிங்கம் தெருவில் அப்படிப் போட்டார்கள்.

ஆனால் எந்தக் கலவையும் தேங்கும் நீரில் எத்தனை நாள் நிற்கும்? தொண்ணூறுகளில் ஒரு தெருவுக்கு வடிகாலும் சேர்த்து எஸ்டிமேட் போட்டேன். வடிகாலை வெட்டிவிட்டார்கள். தீபாவளிக்குள் ரோடு வேண்டும் என்று நெருக்கடி. எம்-புக்கில் கையெழுத்துப் போட்டது நான்தான். பொங்கலுக்குள் குழி. பள்ளத்தை அடைக்காமல் பழைய ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு. சில வருஷத்தில் இன்னொன்று.

"தம்பி, நீங்க ரோடு போடப் போட எங்க வீடு கீழ போகுதே" என்றார் முனைவீட்டு அம்மா, காபி கொடுத்துக்கொண்டே.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். முன்பு இரண்டு படி ஏறி நுழைந்த வீடு. இப்போது ஒரு படி இறங்க வேண்டும். வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது.