தட்டைக் கண்ணாடி பிறந்த கதை

கிணற்றில் குதித்து, நீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழ்ப்படி கூட மசமசவென்றுதான் இருக்கும். கோப்ரோ கேமராவோடு கடலுக்குள் முதலில் முக்குளித்தவர்களுக்கும் அதே கதிதான்.

அந்தக் கேமரா அவர்களுக்காகப் பிறந்ததே இல்லை. நிக் வுட்மன் என்ற கலிபோர்னியாக்காரர், தான் தொடங்கிய இணைய விளையாட்டு நிறுவனம் கவிழ்ந்தபின், 2002இல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கப் போனார். அலைமேல் இருந்தபடி படம் எடுக்க ஆசை. பலகைக் கயிற்றையும் ரப்பர் பேண்டையும் வைத்துக் கேமராவை மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார். ஊர் திரும்பி, அம்மாவிடம் கடனும் தையல் மிஷினும் வாங்கி, பட்டை தைக்க உட்கார்ந்தார். 2004இல் விற்பனைக்கு வந்த முதல் ‘ஹீரோ’, 35 மி.மீ. ஃபிலிம் போடும் கேமரா. 2006இல் வந்த டிஜிட்டல் ஹீரோ 10 விநாடிதான் வீடியோ எடுக்கும், சத்தம் பதியாது.

2009இல் எச்டி ஹீரோ வந்தது. விலை ஏறக்குறைய 300 டாலர். கூடவே வந்த உறை 60 மீட்டர் ஆழம் தாங்கும் என்றார்கள். ஸ்கூபாக்காரர்கள் விடுவார்களா? இறங்கினார்கள். தண்ணீர் புகவில்லை, படம்தான் தேறவில்லை.

குற்றவாளி, உறையில் லென்சுக்கு முன்னால் குமிழாக வளைந்திருந்த முகப்பு. காற்றில் அது சாது. நீருக்குள் போனதும் அதுவே ஒரு லென்ஸாகிவிடும். தூரத்து மீனின் பிம்பத்தைக் கேமராவின் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். கோப்ரோவுக்கு ஃபோகஸ் மாற்றத் தெரியாது, அவ்வளவு கிட்டத்தில் பார்வையும் கிடையாது. பெரிய கேமராக்காரர்களோ இதே குமிழைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவார்கள்! அவர்களுடைய லென்ஸ் கிட்டத்திலும் ஃபோகஸ் பிடிக்கும். அகலக் கோணமும் குறையாது.

மருந்து முக்குளிப்பவர்களின் முகத்திலேயே இருந்தது. கிணற்றில் கண் மங்கக் காரணம் வேறு என்றாலும் வைத்தியம் ஒன்றுதான்: மாஸ்க்கில் இருப்பதுபோல் தட்டையான கண்ணாடி, அதற்குப் பின்னால் கொஞ்சம் காற்று. கைவேலை தெரிந்தவர்கள் குமிழைக் கழற்றிவிட்டுத் தட்டை முகப்பை வைத்துத் திருகினார்கள். சிறு தயாரிப்பாளர்கள் அதையே செய்து விற்றார்கள். படத்தின் அகலம் சற்றுக் குறைந்தது. பவளத்தின் விளிம்போ கத்திபோல் தெரிந்தது. அலைச்சறுக்குக்காரர் பெற்ற பிள்ளையை ஆளாக்கியது முக்குளிப்பவர்கள்தான் என்பேன். 2011இல் நிறுவனமே தட்டைக் கண்ணாடியோடு ஓர் உறையை வெளியிட்டது. 2012இல் ஹீரோ 3 பிறக்கும்போதே தட்டை முகத்தோடு பிறந்தது.

2016இல் வந்த ஹீரோ 5க்கு 10 மீட்டர் ஆழம் வரை உறையே வேண்டாம். அதற்குக் கீழே போகிறவர்கள், உறையை மூடுமுன் அதன் ரப்பர் வளையத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி கிடந்தால் போதும், கேமரா உப்புக்கண்டம்தான்.