பிரதி எடுத்தவர்கள்

நாவலைக் கையால் எழுதுவதா கம்ப்யூட்டரில் எழுதுவதா என்ற சர்ச்சை வரும்போதெல்லாம் பேச்சு காகிதத்தின் வாசனை, விரலுக்கும் மனசுக்கும் உள்ள உறவு என்ற இடங்களில் போய் நின்றுவிடுகிறது. இதெல்லாம் அவரவர் பழக்கம் சார்ந்த விஷயம், விவாதிக்க அதிகமில்லை. சரித்திரத்தைப் பார்த்தால் பிரச்னை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நாவல் எத்தனை தடவை திரும்ப எழுதப்பட்டது, யார் கையால் எழுதப்பட்டது என்பதே கேள்வி.

டால்ஸ்டாய் 'போரும் வாழ்வும்' நாவலை 1863இல் தொடங்கி 1869இல் முடித்தார். அவர் கையெழுத்து மோசமானது. வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் திருத்தங்கள் மண்டிக் கிடக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் மனைவி சோஃபியா. குழந்தைகளையும் வீட்டையும் கவனித்துவிட்டு இரவில் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுப்பார். டால்ஸ்டாய் அந்தப் பிரதியின் மேலேயே மறுபடி அடித்துத் திருத்துவார். அது திரும்பவும் சோஃபியாவிடம் வரும். முழு நாவலையும் அவர் ஏழு தடவை பிரதி எடுத்தார் என்று சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பல பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுதினார் என்பதில் சந்தேகமில்லை. சுத்தப் பிரதி டால்ஸ்டாய்க்கு முடிவாக இருக்கவில்லை. தன் வாக்கியம் இன்னொருவர் கையெழுத்தில் வந்து நிற்கும்போது அது அந்நியமாகிவிடுகிறது. அந்நியமானதை வெட்டுவது சுலபம்.

இந்த வேலையை மிச்சப்படுத்தத்தான் இயந்திரம் வந்தது. லண்டனில் இருந்த நாவலாசிரியர் லென் டெய்ட்டன் 1968இல் ஐ.பி.எம்.மின் எம்.டி./எஸ்.டி. இயந்திரத்தைத் தருவித்தார். அடித்ததைக் காந்த நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, திருத்தங்களோடு தானே திரும்ப அடித்துத் தரும் டைப்ரைட்டர் அது. எடை சுமார் 90 கிலோ. ஜன்னலைக் கழற்றித்தான் வீட்டுக்குள் இறக்க முடிந்தது. 1970இல் வெளிவந்த 'பாம்பர்' நாவல் இதில் தயாரானது. சொற்செயலியில் உருவான முதல் நாவல் என்று இதைச் சொல்வதுண்டு. ஆனால் அந்த இயந்திரத்தை இயக்கியவர் டெய்ட்டன் அல்ல, அவருடைய உதவியாளர் எல்லனோர் ஹேண்ட்லி. டெய்ட்டனின் அத்தியாயங்களை ஓயாமல் திரும்ப டைப் அடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். சோஃபியாவுக்கும் இவருக்கும் இடையே நூறு வருஷம். வேலை ஒன்றுதான். கையெழுத்துக் காலம் போனதற்காக வருத்தப்படுகிறவர்கள் இவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகுதான் நஷ்டத்தைப் பற்றிப் பேச நமக்கு யோக்யதை வருகிறது. நஷ்டம் உண்டு. இயந்திரத்தில் மாற்றிய வரி மட்டும் மாறுகிறது. மாற்றாத வரி முதல் நாள் அடித்தபடியே கடைசிவரை கிடக்கிறது. சுத்தப் பிரதியில் இது சாத்தியமில்லை. ஒரு வரியைத் திருத்துவதற்காகப் பக்கம் முழுவதும் மறுபடி ஒரு கை வழியாகப் போயாக வேண்டும். அப்போது நன்றாக இருந்த வரியே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கிகளில் லெட்ஜர் தீர்ந்தால் பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாகப் புது லெட்ஜருக்குக் கையால் எடுத்தெழுதுவார்கள். பழைய தவறுகள் பலவும் அந்தச் சமயத்தில்தான் அகப்படும் என்று எங்கள் மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். சரி என்று நினைத்திருந்த கணக்கையும் ஒருவர் எழுதிப் பார்க்க நேர்ந்ததுதான் காரணம்.

காஃப்காவைக் காட்டி ஒருவர் இதை மறுக்கலாம். 'தீர்ப்பு' கதையை அவர் 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்குள் டயரி நோட்டில் எழுதி முடித்தார். திருத்தம் சொற்பம். ஆனால் இந்த உதாரணம் பேனாவின் கட்சிக்கும் உதவாது. அந்த ஓட்டத்துக்குத் தட்டச்சுப் பலகை குறுக்கே நிற்கும் என்று யாரும் நிரூபிக்க முடியாது. தவிர, அப்படி ஓர் இரவு காஃப்காவுக்கே அபூர்வம். 'விசாரணை' நாவலை அவர் முடிக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1925இல், மாக்ஸ் பிராட் அத்தியாயங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டார்.

ஆகவே பேனாவுக்குத் திரும்புவது பரிகாரமல்ல. இயந்திரம் எடுத்துக்கொண்டது பேனாவை அல்ல, திரும்ப எழுதியே ஆக வேண்டிய நிர்ப்பந்தத்தை. அதை எழுத்தாளன் தானாக விதித்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்றுத் திரையில் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி அடிக்கலாம். அலுப்பான வேலைதான். இந்தத் தடவை அதை வீட்டில் வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது.