சமைக்கிறது ஒரு வீட்ல, சாப்பிடுறது வேற வீட்ல

வாக்ஸ் 11/780ன்னு ஒரு கணினி. டெக் கம்பெனி 1977ல விட்டது. ஒரு காலத்துல 'ஒரு மிப்ஸ்'னு வேகத்துக்கு அளவுகோலாவே இதைத்தான் வெச்சிருந்தாங்க. அந்த வம்சத்து மெஷின்ல ஒரு முழு இயங்குதளத்தை கம்பைல் பண்ண உட்கார்ந்தா வாரக்கணக்குல இழுக்கும். நடுவுல கரண்ட் போச்சு, அம்புட்டுதான் :-)

1993ல ஆரம்பிச்ச நெட்பிஎஸ்டி ஆளுங்க இந்தக் கிழட்டு மெஷின்களைக் கைவிடறதா இல்லை. வேகமான பிசியில சமைச்சு வாக்ஸுக்குப் பரிமாறினா என்ன? கிராஸ் கம்பைலர் பழைய சரக்குதான். ஆனா மொத்த இயங்குதளத்தையும், பூட் ஆகுற இமேஜ் வரைக்கும், ஒரே கட்டளையில எடுக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை.

முதல் வில்லன் 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்ட். குட்டி புரோகிராம் ஒண்ணை கம்பைல் பண்ணி, ஓட்டிப் பாத்து, "இங்க லாங் எத்தனை பைட்?"னு தெரிஞ்சுக்கும். வாக்ஸ் புரோகிராம் பிசியில எப்படிங்க ஓடும்? கம்பைலர் மாதிரி பெரிய சாமான்களுக்கு நிஜ மெஷின்லயே ஒருதடவை ஓட்டி, கிடைச்ச விடைகளை மூலநிரலோட சேர்த்து வெச்சுட்டாங்க. கொஞ்சம் முரட்டு வைத்தியம், ஆனா வேலை செஞ்சுது.

அடுத்தது பைட் வரிசை. ஸ்பார்க் செயலி பெரிய பைட்டை முன்னாடி வைக்கும், இன்டெல் சின்னதை. பிசியில உருவாக்குற டிஸ்க் இமேஜ் ஸ்பார்க்குக்குப் புரியணுமே? லூக் மியூபர்ன் 'மேக்எஃப்எஸ்'னு ஒரு கருவி எழுதினார். எந்த வரிசை கேட்டாலும் அதுல ஃபைல் சிஸ்டத்தை எழுதிக் கொடுக்கும், ரூட் உரிமைகூட வேண்டாம். இந்த மொத்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

டாட் வியர்லிங்கும் மியூபர்னும் சேர்ந்து எழுதின 'பில்ட்.எஸ்எச்' 2002 செப்டம்பர்ல, 1.6 பதிப்போட வெளிய வந்தது. அது முதல்ல தனக்கு வேண்டிய கம்பைலர், லிங்கர் எல்லாத்தையும் தானே கட்டிக்கும். வீட்டுக்காரர் பாத்திரத்தை நம்பாது.

டெபியன் பாதை நேரெதிர். எந்தச் செயலிக்கான பொதியோ, அந்தச் செயலியிலயே கட்டணும். நியாயமான பிடிவாதம்னுதான் சொல்வேன். கம்பைலரே அங்க ஓடி ஜெயிச்சா மெஷினுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை ஏது? தூரத்துல கட்டின இமேஜ் அழகா முடியும், பூட் ஆகுதான்னு ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க.

ஆனா அதுக்கு விலை இருந்துச்சு. அமிகா, அட்டாரி, பழைய மேக்குகள்ல இருந்த மோட்டோரோலா 68000 வரிசைதான் இன்டெலுக்கு வெளியே டெபியன் போன முதல் வீடு. 1998ல 2.0 பதிப்பு இன்டெலுக்கும் இதுக்கும்தான் வந்துச்சு. பொதிகள் பெருக்கப் பெருக்க, இந்த மெஷின்கள் ராத்திரி பகலா கட்டியும் வரிசை குறையலை. வேற காரணங்களும் உண்டுதான், ஆனா இந்த வேகம் முக்கியமானது. 2007 ஏப்ரல்ல வந்த 4.0 பதிப்புல அதுக்கு இடமில்லை.

அப்புறமும் சில ஆர்வலர்கள் விடலை. அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு வெளியே அந்த வேலை இன்னும் நடக்குது. இப்போ எமுலேட்டருக்குள்ள 68000 மாதிரி நடிக்கிற வேகமான சர்வர்களும் அவங்களுக்குக் கைகொடுக்குது.