மின்னஞ்சலில் வந்த பாரம் திறக்கவில்லையா?

கல்வி உதவிநிதி, வேலை விண்ணப்பம் எனப் பலவற்றுக்கும் பாரம் மின்னஞ்சலில் வருவதுண்டு. கைப்பேசியில் அதைத் திறந்தால் சில வேளைகளில் ‘பிளீஸ் வெயிட்’ என்ற அறிவிப்பு மட்டுமே தெரியும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பாரம் வராது. கோப்பு கெட்டுப்போய்விட்டது என நினைக்க வேண்டாம். அது ‘எக்ஸ்எஃப்ஏ’ வகைப் பிடிஎஃப். கணினியில் உள்ள அடோபி ரீடர் போன்ற சில மென்பொருள்களே அதைக் காட்டும்.

செய்ய வேண்டியவை:

1. மின்னஞ்சலுக்குள்ளேயே பாரத்தை நிரப்பாதீர்கள். முதலில் கணினியில் பதிவிறக்கிச் சேமியுங்கள்.

2. அடோபி ரீடரில் அந்தக் கோப்பைத் திறங்கள். விண்டோஸ், மேக் கணினிகளுக்கு இம்மென்பொருள் இலவசம்.

3. நிரப்பிச் சேமித்தபின், மூடிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். எழுதியவை அப்படியே இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு வெற்றுப் பாரம் போய்ச் சேரக்கூடும்.

4. வீட்டில் கணினி இல்லாதவர்கள் நூலகத்திலோ கணினி மையத்திலோ நிரப்பலாம். பாரத்தில் அடையாள அட்டை எண் இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறுங்கள்.

5. அப்படியும் திறக்காவிட்டால், அனுப்பிய அலுவலகத்திடமே சாதாரணப் பிடிஎஃப் அல்லது அச்சிட்ட பாரம் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் தேதியுடன் சான்று இருக்கும்.

இறுதி நாள் வரை காத்திராமல், பாரம் வந்த அன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.