உரசும் முனையின் வரலாறு: ரியோஸ்டாட் முதல் கயத்தாற்றுக் காற்றுத்திசைகாட்டி வரை

மாறுமின்தடையின் வரலாறு வழக்கமாகத் தடைப்பொருளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முதலில் கம்பி, பிறகு கரி, அதன்பின் உலோகப் பீங்கான், கடத்தும் பிளாஸ்டிக் என்று அது வரிசையாகப் போகும். ஆனால் கருவி கெடும்போது தடைப்பொருள் அநேகமாக நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது உள்ளேயிருக்கும் ஏதாவதோர் இணைப்பு. இணைப்புகள் மூவகை. தடைப்பாதையின் நுனி வெளிக்காலோடு சேருமிடம் ஒன்று. பாதைமேல் உரசி நகரும் முனை இன்னொன்று. அந்த நகரும் முனையிலிருந்து நடுக்காலுக்கு மின்சாரம் வரும் வழி மூன்றாவது. இவற்றை நம்பகமாக்கியதில் நல்ல உலோகத்துக்குப் பங்குண்டு என்றாலும், உரசும் முனை வழியே மின்னோட்டம் போகாமல் பார்த்துக்கொண்டதுதான் பெரிய திருப்பம் என்பது இக்கட்டுரையின் வாதம். பசுவந்தனை, கயத்தாறு வட்டாரத்துக் கரிசல் காட்டில் காற்று அளக்கப்பட்ட கதையில் அதற்கு நல்ல சான்று இருக்கிறது.

தொடக்கத்திலேயே இரண்டு வழிகள் பிரிந்துவிட்டன. 1841இல் பெர்லினில் போகெண்டார்ஃப், ஒரு மின்கலத்தின் அழுத்தத்தை இன்னொரு மின்சுற்றின் அழுத்தத்தோடு சமன்செய்து அளக்கும் முறையை விளக்கினார். சமநிலை வந்ததும் அளக்கப்படும் கலத்திலிருந்து மின்னோட்டம் வராது. ஆகவே தொடுமுனையில் எவ்வளவு தடை இருந்தாலும் விடை மாறுவதில்லை. இரண்டாண்டு கழித்து, 1843இல், லண்டன் ராயல் சொசைட்டியில் வீட்ஸ்டன் தன் ரியோஸ்டாட்டை விவரித்தார். பள்ளம் வெட்டிய மர உருளையிலிருந்து கம்பி அவிழ்ந்து பித்தளை உருளையில் சுற்றிக்கொள்ளும். மரத்தில் எஞ்சிய நீளமே தடை. இங்கே மின்னோட்டம் முழுவதும் தொடுமுனை வழியாகவே போகவேண்டும். முனை அழுக்கானால் அந்தப் பிழை அப்படியே அளவில் சேரும்.

ஏன் அழுக்காகிறது என்பதற்கு இயற்பியல் விளக்கம் வர நூறாண்டு ஆயிற்று. ராக்னர் ஹோம் 1940களில் வெளியிட்ட நூல்கள் அதைத் தெளிவாக்கின. இரண்டு உலோகங்கள் பரப்பு முழுவதும் தொடுவதாக நமக்குத் தோன்றினாலும், மெய்யாகத் தொடுபவை சில நுண்புள்ளிகளே. மின்னோட்டம் அந்தப் புள்ளிகளுக்குள் நெருங்கிப் புகவேண்டியிருப்பதால் அங்கே தடை கூடுகிறது. மேலே ஆக்சைடோ சல்பைடோ தூசியோ படிந்தால் இன்னும் கூடும். நம் வீடுகளில் இருந்த பழைய ஃபேன் ரெகுலேட்டர் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதில் நகரும் கை கம்பிச்சுருள்மேல் வழுக்கிப் போவதில்லை. சுருளைச் சில இடங்களில் தட்டியெடுத்துக் குமிழ்களில் சேர்த்திருப்பார்கள். கை ஒரு குமிழிலிருந்து அடுத்ததற்குத் தாவும். மின்விசிறியின் மின்னோட்டம் முழுவதையும் சுமக்கவேண்டிய முனை கனத்த குமிழில் உட்கார்ந்தால் கருகாமல் தாங்கும்.

வானொலிப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. ஒலி படிப்படியாகத் தாவாமல் சீராக ஏறி இறங்கவேண்டும் என்பதால் கரிப்பாதை கொண்ட வால்யூம் கண்ட்ரோல் வந்தது. கரிசல் ஊர்களின் டீக்கடைகளில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்குக் குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு பழக்கமானது. ரேடியோ பழுதுபார்ப்பவர் சுத்தம்செய்யும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் குமிழைப் பலமுறை திருப்புவார். சில நாளைக்குச் சரியாகும். விவரமானவர் அதற்கு முன்னால் இருக்கும் கண்டென்சரைச் சோதிப்பார். அது கசிந்தால் கரிப்பாதை வழியாக நேர்மின்னோட்டம் ஓடும். முனை நகரும்போது தொடுதடை மாறுவதெல்லாம் ஓசையாகிவிடும். கண்டென்சரை மாற்றினால் பழைய வால்யூம் கண்ட்ரோலே அமைதியாகிவிடுவதுண்டு. போகெண்டார்ஃபின் கோட்பாட்டைப் பழுதுபார்க்கும் மேசை தன் வழியில் கண்டுகொண்டது என்றே சொல்வேன்.

மற்ற இரண்டு இணைப்புகளும் பேர்வாங்காத இடங்கள். கரிப்பாதையின் நுனியில் வெள்ளிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் காலை ரிவெட் அடித்துப் பிணைப்பது வழக்கம். ரிவெட் தளர்ந்தால் எந்தத் திரவமும் உதவாது. நடுக்காலுக்குச் சுருள்வில் வைக்கலாம். முழுச்சுற்றாகத் திரும்பும் கருவியில் அது முறுகிவிடும் என்பதால் இரண்டாவதாக ஓர் உரசுவளையம் தேவை. உரசும் முனையைச் சீப்புப் பல்போலப் பல விரல்களாகப் பிரித்தது நல்ல தீர்வு. ஒரு விரல் துள்ளினாலும் மற்றவை தொட்டுக்கொண்டிருக்கும். நுண்ணிய கருவிகளில் விரல்களுக்குப் பல்லேடியம், தங்கக் கலவைகள் வந்தன.

இனி கயத்தாறு. காற்றை அளக்கும் பழைய கருவியான டைன்ஸ் காற்றுப்பதிவியில் திசைகாட்டியின் அசைவு ஒரு தண்டு வழியே கீழிறங்கிப் பேனாவை நகர்த்தும். மின்தொடர்பு தேவையில்லை, ஆனால் பதிவி கம்பத்தின் அடியிலேயே இருக்கவேண்டும். வானிலை அறிவியலாளர் அன்னா மாணி 1983இல் மூலேயுடன் சேர்ந்து இந்தியக் காற்றாற்றல் தரவு நூலை வெளியிட்டார். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் எழுந்தன. டென்மார்க் உதவியுடன் கயத்தாற்றிலும் பண்ணை வந்தது. 1998இல் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் எனப் பெயர்பெற்றுள்ள மையத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் கயத்தாற்றில்தான் உள்ளது. ஆளில்லாத கம்பங்களின் உச்சியிலிருந்து திசையை மின்குறியாக இறக்கவேண்டிய தேவை இப்படிப் பெருகியது. அதற்கு உலகெங்கும் பரவலாகப் பயன்பட்டது, கடத்தும் பிளாஸ்டிக் பாதையில் முழுச்சுற்றாகத் திரும்பும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்.

கடத்தும் பிளாஸ்டிக் வழவழப்பானது. பல கோடிச் சுற்றுகள் தாங்கும். ஆனால் அதன் தொடுதடை கம்பிச்சுருளைவிட அதிகம். கணக்குப் போட்டால் இதன் பொருள் விளங்கும். 10,000 ஓம் ஏறக்குறைய 352 பாகையில் பரவினால் ஒரு பாகைக்குச் சுமார் 28 ஓம். இரண்டு கால்களை மட்டும் இணைத்து வீட்ஸ்டன் வழியில் தடையை அளந்தால், தொடுமுனையில் 100 ஓம் கூடினாலே திசை 3.5 பாகை பிசகும். காற்றாலைத் திறன் சோதனைக்கான பன்னாட்டுத் தரவிதி திசை அளவீட்டின் மொத்த ஐயத்துக்கே 5 பாகைதான் விடுகிறது. அதே கருவியை மூன்று கால்களிலும் இணைத்து, 1 மெகா ஓம் உள்தடையுள்ள பதிவியால் அழுத்தத்தை மட்டும் படித்தால், அதே 100 ஓம் ஏற்படுத்தும் பிழை ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

எஞ்சுவது பாதையின் இரு நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பல கருவிகளில் அது 8 பாகை வரை உண்டு. உரசும் முனை அங்கே நிற்கும்போது எதையும் தொடுவதில்லை. பதிவியில் விழும் எண்ணுக்குத் திசையோடு உறவில்லை. கயத்தாற்றுப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசுகிறது. வடகிழக்குப் பருவத்தில் திசை புரண்டுவிடும். ஆகவே அந்த இடைவெளியை இரண்டு காற்றுக்கும் விலக்கிப் பொருத்தவேண்டும். பழைய காற்றளவுத் தரவுகளை எடுத்து ஆய்வோர், கம்பத்தின் நிறுவல் பதிவேட்டில் இடைவெளி எத்திசை பார்த்து வைக்கப்பட்டது என்ற குறிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு எண்களுக்குள் போகவேண்டும். அக்குறிப்பு காட்டும் அந்தச் சில பாகைகளைத் தரவிலிருந்து விலக்கிவிடுவதே முறை.