கடற்கரை மேடையில் யார் யாருக்குப் பக்கத்தில்?

திருப்பூருக்குக் கடல் கிடையாது. நொய்யல் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது! ஆனால் உலகத்தின் ராக் இசைக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. காதர்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலில் ஏதாவது ஒரு வெள்ளைக்கார இசைக்குழுவின் பெயர் போட்ட பனியன் கட்டாயம் கிடைக்கும். அதை வாங்கிப் போட்டுக்கொண்டு திரிபவருக்கு அந்தக் குழு பாடிய ஒரு பாட்டு கூடத் தெரியாது. தைத்தவருக்கும் தெரியாது.

அந்தப் பனியன்களின் முதுகுப் பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இசை விழா பனியனாக இருந்தால் அங்கே ஒரு நீளமான பட்டியல் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் இரண்டு மூன்று பெயர். கீழே போகப் போக எழுத்து சின்னதாகும். கடைசி வரியைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். "எல்லா வகை இசையும் ஒரே மேடையில்" என்று விளம்பரம் செய்கிற விழாவிலும் இந்த எழுத்து அளவு மட்டும் மாறாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் சமமாக நிற்பதும் ஒன்றா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் அமெரிக்கா. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் என்று ஒரு கடற்கரை ஊர், பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கும் இடம். அங்கே 1959ல் நாட்டுப்புற இசை விழா ஒன்று ஆரம்பித்தது. இடையில் நின்று, 1963ல் புதிய விதிகளோடு திரும்ப வந்தது. விழாவை நடத்திய ஜார்ஜ் வெய்னும் பாடகர் பீட் சீகரும் சேர்ந்து எடுத்த முடிவு அது: மேடை ஏறும் யாராக இருந்தாலும் சம்பளம் 50 டாலர், அதோடு போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு. அவ்வளவுதான். ஊரெல்லாம் பேர் பெற்றவருக்கும் 50, யாருக்கும் தெரியாத கிழவருக்கும் 50. திருப்பூர்க்காரருக்குச் சொல்வதென்றால், பீஸ் ரேட்டை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே ஷிப்ட் சம்பளம் போட்ட மாதிரி.

இதன் பலன் என்ன தெரியுமா? அந்த 1963 மேடையில் பாப் டிலன் பாடினார், ஜோன் பயஸ் பாடினார். அதே விழாவில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற எழுபது வயது கறுப்பின மனிதரும் கிடாரோடு உட்கார்ந்தார். அவர் 1928ல் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அது விற்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் 35 வருடம் பண்ணையில் கூலி வேலை பார்த்தார். பழைய இசைத்தட்டைக் கேட்டவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். பெரிய பெயர்களுக்குப் பெரிய தொகை கொடுத்திருந்தால் இப்படிப்பட்ட மனிதர்களை மிசிசிப்பியிலிருந்து அழைத்து வரக் கையில் காசு மிஞ்சியிருக்காது. சமத்துவம் என்பது அங்கே பேச்சாக இல்லை, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது!

ஆனால் சம்பளம் சமமானால் போதுமா? 1965ல் அதே நியூபோர்ட்டில் அது உடைந்தது. ஜூலை 25 அன்று டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடும் பின்னால் ஒரு ராக் குழுவோடும் ஏறினார். மூன்று பாட்டு. கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அது இசையை எதிர்த்தா, ஒலிபெருக்கி சரியில்லை என்றா, பாட்டு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்றா என்று இன்று வரை சண்டை ஓயவில்லை. பிறகு சாதா கிடாரோடு திரும்பி வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனார். இதைவிட வேடிக்கை அதற்கு முந்தைய நாள்களில் நடந்தது. நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிப்பதில் பெரிய ஆளான ஆலன் லோமாக்ஸ், எலெக்ட்ரிக் கருவிகளோடு வந்த ஒரு ப்ளூஸ் குழுவை மட்டம் தட்டி அறிமுகப்படுத்தினார். டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன் தட்டிக்கேட்டார். இரண்டு பெரிய மனிதர்களும் தரையில் உருண்டு சண்டை போட்டார்கள். "எது உண்மையான நாட்டுப்புற இசை" என்பதற்கான அறிவார்ந்த விவாதம்!

ராக் கலந்த பிறகு கூட்டம் பெருத்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் 1970 ஆகஸ்ட் கடைசியில் நடந்த விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், தி ஹூ, ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ், ஜோன் பயஸ், லியோனார்ட் கோஹன் எல்லோரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். வகை வகையான இசை என்றால் இதுதான். ஆனால் டிக்கெட் 3 பவுண்டு. மைதானத்தைச் சுற்றி வேலி. வேலிக்கு வெளியே ஒரு குன்று. காசு கொடுக்காதவர்கள் குன்றின் மேல் உட்கார்ந்து ஓசியில் கேட்டார்கள். கடைசியில் வேலி பிய்ந்தது, நுழைவு இலவசம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே நாடாளுமன்றம், அந்தத் தீவில் 5,000 பேருக்கு மேல் இரவு தங்கும் கூட்டத்துக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு 2002 வரை அங்கே விழாவே இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னையில் மார்கழி வந்தால் சபாக்களில் கர்நாடக சங்கீதம். அது ஒரு உலகம். பறையும் கரகமும் தேவராட்டமும் வேறு உலகம். பறைக்கு இன்னொரு சுமையும் இருந்தது. சாவு வீட்டுக் கருவி என்றும், ஒரு சாதியின் கட்டாய வேலை என்றும் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பொதுமேடைக்குக் கொண்டு வந்ததில் 'தன்னானே' குழுவை நடத்திய கே.ஏ.குணசேகரனுக்கும், தலித் பெண்களைப் பறை அடிக்க வைத்த திண்டுக்கல் சக்தி கலைக்குழுவுக்கும் பெரிய பங்கு உண்டு. அரசாங்கமோ பெரிய ஸ்பான்சரோ எட்டிப் பார்க்காத காலத்திலேயே செய்தார்கள்.

2007ல் 'சென்னை சங்கமம்' வந்தது. கனிமொழியும், தமிழ் மையத்தின் பாதிரியார் ஜெகத் கஸ்பரும் முன்னின்று நடத்தினார்கள். தமிழ்நாடு முழுவதிலுமிருந்து நாட்டுப்புறக் கலைஞர்கள் வந்து பூங்கா, தெரு, கடற்கரை என்று சென்னையை ஒரு வாரம் ஆட வைத்தார்கள். பூங்காக்களில் கர்நாடகக் கச்சேரியும் உண்டு. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. வாக்கிங் போன மனிதர் ஒயிலாட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டு ஆபீசுக்கு லேட்டாகப் போனார்! அரசியல் விமர்சனங்களும் இருந்தன, இல்லாமல் இல்லை. 2011ல் ஆட்சி மாறியது, விழாவும் நின்றது. கலைஞர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு 2023 ஜனவரியில்தான் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' என்று திரும்ப வந்தது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையும் அதில் ஒரு களம். ஒரு கலைஞரின் பொங்கல் வருமானம் தேர்தல் முடிவைப் பொறுத்து இருப்பது எந்த வகை வியாபாரம் என்று தெரியவில்லை.

இடையில் 2013ல் கோவளத்தில் சர்ஃபிங்கையும் இசையையும் சேர்த்து ஒரு விழா தொடங்கியது. அங்கே மூர்த்தி என்ற மீனவர் தானாகவே அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு ஊர்ப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். தொழிலதிபர் அருண் வாசு கைகொடுக்க, சர்ஃப் பள்ளி வந்தது, விழா வந்தது. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் கூட வந்து அலையில் நின்றார். பகலில் சர்ஃபிங் போட்டி, இரவில் கடற்கரையில் பேண்டுகள். வெளிநாட்டுக் கடற்கரை விழாவின் சாயல் தமிழ்நாட்டில் அதிகம் தெரிந்தது இங்கேதான்.

ஆனால் பட்டியலைக் கலைத்துப் போட்ட விழா ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்தது.

எலியட்ஸ் கடற்கரைக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது இந்த மீனவக் குப்பம். பக்கத்திலுள்ள பெசன்ட் நகர் காலனியை விடப் பழையது. ஆனால் காலனிக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. 2015ல் குப்பத்து மக்கள், பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன், இன்னும் நிறைய தன்னார்வலர்கள் சேர்ந்து அங்கே ஒரு விழா எடுத்தார்கள். கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில். கேட்பவர்கள் மணலில். பட்டுப் புடவை மாமியும் வலை பின்னும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில்.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. "குப்பத்துக்குச் சங்கீதத்தைக் கொண்டு போய் உயர்த்தப் பார்க்கிறீர்களா? அவர்களிடம் கலையே இல்லையா?" நியாயமான கேள்வி. விழாக்காரர்கள் சொன்ன பதில், இது யாரையும் உயர்த்த இல்லை, எந்தக் கலை எங்கே நடக்கலாம் என்று போட்டு வைத்திருக்கும் கோட்டை அழிக்கத்தான் என்பது. பதில் முழுத் திருப்தி தருகிறதா? பாதி தருகிறது. சபாவிலிருந்து குப்பத்துக்கு வருவது சுலபம், நாளிதழில் படமும் வரும். குப்பத்திலிருந்து சபாவுக்குப் போவதுதான் கஷ்டம். கிருஷ்ணா 2015ல் டிசம்பர் சீசனில் இனிப் பாடமாட்டேன் என்று அறிவித்ததையும், பிறகு எல்லம்மாவைப் பாடும் ஜோகப்பா திருநங்கையரோடும் கட்டைக்கூத்துக் கலைஞர்களோடும் ஒரே மேடையில் பாடியதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் நேராகிறது. 2016ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. விழா பின்னாளில் குப்பத்தைத் தாண்டி 'சென்னை கலைத் தெரு விழா' என்று பெயர் மாறியது.

கோட்டை மறுபக்கத்திலிருந்து அழித்தவர்கள் 2018 ஜனவரி 6 அன்று வந்தார்கள். கடற்கரையில் அல்ல, கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து பிறந்த பெயர். வடசென்னை கானா, பறை, சட்டி ஒரு பக்கம், எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் ராப்பும் இன்னொரு பக்கம். இங்கே ராக்கும் நாட்டுப்புறமும் அடுத்தடுத்து ஏறவில்லை, ஒரே பாட்டுக்குள் இருந்தன. யாரும் யாரையும் அழைத்து வரவில்லை. 2020 டிசம்பரில் அதே நீலம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. கோவையிலும் மதுரையிலும் கூட அது நடந்தது.

அப்போது கொங்கு நாட்டிலிருந்து இந்தப் பட்டியலில் யார் ஏறலாம்? அண்ணமார் கதையை உடுக்கை அடித்து விடிய விடியப் பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெருஞ்சலங்கை ஆட்டம் இருக்கிறது, ஜமாப் இருக்கிறது. ஆண்கள் மட்டுமே ஆடி வந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்து இறக்கிவிட்ட கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல், 87 வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் அதே விருது. இன்று திருப்பூர் பக்கத்தில் கோயில் விசேஷம் என்றால் வள்ளி கும்மி இல்லாமல் இல்லை. கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த பெண்கள் ஒரே நிறச் சேலையில் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். அந்தக் கும்மிக் குழுவின் பெயர் முதுகில் அச்சடித்த பனியன் மட்டும் காதர்பேட்டையில் இன்னும் வரவில்லை.