சதுர அலை இயற்றி

சதுர அலை இயற்றி என்பது உயர், தாழ் ஆகிய இரு மின்னழுத்த நிலைகளுக்கிடையே மாறி மாறித் தாவும் அலையை உருவாக்கும் மின்னணுச் சுற்று ஆகும். ஹான்ஸ் கமென்சிண்ட் 1971 இல் வடிவமைத்த 555 டைமர் நுண்சுற்றைக் கொண்டு இதனை எளிதில் அமைக்கலாம்.

அமைப்பு

நுண்சுற்றின் 8, 4 ஆம் முனைகள் மின்வழங்கியின் நேர்முனையுடனும் (5 முதல் 15 வோல்ட்), 1 ஆம் முனை தரையுடனும் இணைக்கப்படும். 8, 7 ஆகியவற்றிடையே 1 கிலோ ஓம் மின்தடை. 7, 6 ஆகியவற்றிடையே 10 கிலோ ஓம் மின்தடையும் 100 கிலோ ஓம் மாறுதடையும் தொடராக அமையும். 6, 2 ஆகியன ஒன்றாக்கப்பட்டு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியே தரையைச் சேரும். மின்தேக்கியின் மின்னழுத்தம் வழங்கழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் இரு பங்குக்கும் இடையே ஏறி இறங்க, 3 ஆம் முனையில் சதுர அலை கிடைக்கும். மாறுதடையைத் திருகி அதிர்வெண்ணை ஏறத்தாழ 65 முதல் 690 ஹெர்ட்ஸ் வரை மாற்றலாம். உயர்நிலை நேரம் சற்றே மிகும். எனினும் அது 53 விழுக்காட்டைத் தாண்டாது.

பயன்பாடு

திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கு நூல் தரும் நூற்பாலைகளில் ஸ்பிண்டிலின் வேகத்தைத் தொடாமல் அளக்க ஸ்ட்ரோபோஸ்கோப் உதவுகிறது. எளிய ஸ்ட்ரோபோஸ்கோப்பில் விளக்கு மின்னும் வேகத்தை இத்தகைய இயற்றியே தீர்மானிக்கிறது. நிமிடத்திற்கு 18,000 சுற்றுகள் சுழலும் ஸ்பிண்டிலில் இட்ட குறி, 300 ஹெர்ட்ஸில் மின்னும் ஒளியில் அசையாது நிற்பதாகத் தோன்றும். ஆனால் சதுர அலையை நேரடியாக விளக்கிற்கு அளித்தால் அரைச்சுற்று முழுவதும் ஒளி விழுந்து குறி மங்கிவிடும். எனவே இரண்டாவது 555 ஒன்றினால் அதனை 20 மைக்ரோ நொடித் துடிப்பாகக் குறுக்க வேண்டும். அந்நேரத்தில் ஸ்பிண்டில் 2 பாகைக்குச் சற்று மேலாகவே திரும்பும்.

புதிதாக அளப்போர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 150, 100 ஹெர்ட்ஸிலும் அதே குறி நிலையாகவே தெரியும். 600 ஹெர்ட்ஸில் எதிரெதிரே இரு குறிகள் தெரியும். ஒற்றைக் குறி நிலைத்துத் தெரியும் மிக உயர்ந்த அதிர்வெண்ணே உண்மையான வேகம். அவ்வேளையிலும் ஸ்பிண்டில் சுழன்றுகொண்டுதான் இருக்கும்; நின்றுவிட்டதென எண்ணிக் கைவைத்தல் ஆபத்தானது.